நெய்வேலி என்.எல்.சி. நேர்காணல்: அறைக்குள் என்ன கேட்பார்கள், எப்படித் தயாராவது

பழுப்பு நிலக்கரியை வெட்டி மின்சாரம் தயாரிக்கும் மத்தியப் பொதுத்துறை நிறுவனமான என்.எல்.சி. இந்தியாவின் கிராஜுவேட் எக்ஸிகியூட்டிவ் டிரெய்னி பணிக்கு கேட் (GATE, பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான தேர்வு) மதிப்பெண் வழியாக நேர்காணல் அழைப்பு வந்திருக்கும் பொறியியல் பட்டதாரிகளுக்காக எழுதியது இது. ஓ.என்.ஜி.சி., இந்தியன் ஆயில் போன்ற மற்ற எரிசக்திப் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

முதலில் மதிப்பெண் கணக்கு. என்.எல்.சி.யின் அண்மைக்கால கேட் வழி அறிவிப்புகளில் 100-க்கு 80 கேட்டுக்கு, 20 நேர்காணலுக்கு. ஓ.என்.ஜி.சி. கேட் வழியாக ஆள் எடுத்த ஆண்டுகளில் கேட்டுக்கு 60, கல்வித் தகுதிக்கு 25, நேர்காணலுக்கு 15. இந்தியன் ஆயில் கேட் வழியாக ஆள் எடுத்த ஆண்டுகளில் கேட்டுக்கு 85, நேர்காணலுக்கு 10, குழு விவாதத்துக்கும் குழுப் பணிக்கும் சேர்த்து 5. இந்தப் பிரிப்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும் என்பதால் உங்கள் ஆண்டு அறிவிப்பில் "தேர்வு முறை" என்ற பகுதியை வரி விடாமல் படியுங்கள்.

இருபதுதானே என்று அசட்டையாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஒருவர் நேர்காணலில் 16 வாங்குகிறார், இன்னொருவர் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 8 வித்தியாசத்தை கேட் பகுதியில் ஈடுகட்ட, 100-க்கு 10 மதிப்பெண் கூடுதலாக எடுத்திருக்க வேண்டும். அழைப்பு வந்தவர்களுக்குள் அவ்வளவு இடைவெளி இருப்பது அரிது. பட்டியலின் நடுவிலும் கீழேயும் இருப்பவர்களின் இடத்தை அந்த இருபது நிமிடம்தான் முடிவு செய்கிறது.

ஐ.டி.ஐ., டிப்ளமோ தகுதிக்கான பணிகளுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குரூப் சி, அரசிதழ் பதிவு பெறாத குரூப் பி நிலைப் பணிகளுக்கு நேர்காணல் கிடையாது. பொதுத்துறை நிறுவனங்களும் கீழ்நிலைப் பணிகளுக்கு எழுத்துத் தேர்வு, திறன் சோதனை என்றே எடுக்கின்றன. "நேர்காணலுக்குத் தேதி வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. எந்தப் பொதுத்துறை நிறுவனமும் நேர்காணலுக்குப் பணம் வாங்குவதில்லை.

சான்றிதழ் மேசை

நேர்காணல் அறைக்கு முன்னால் சான்றிதழ் சரிபார்க்கும் மேசை ஒன்று இருக்கும். நன்றாகப் படித்த பிள்ளைகள் திரும்பிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இங்கே சிக்கல் வந்தால், உள்ளே நீங்கள் எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னாலும் பயனில்லை.

முதல் சிக்கல் பெயர். தமிழ்நாட்டில் நாம் இனிஷியல் போடுகிறவர்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "கார்த்திக் சுப்பிரமணியன்", கேட் அட்டையில் "எஸ் கார்த்திக்" என்று மூன்று விதமாக இருக்கும். சரிபார்ப்பவர் வெளிமாநிலத்துக்காரராக இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்பது அவருக்குத் தானாக விளங்காது. இனிஷியலின் விரிவு என்ன, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்துப் பிழையே இருந்தால் பத்திரம் மட்டும் போதாமல் போகலாம். அழைப்புக் கடிதத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்து வையுங்கள்.

இரண்டாவது சாதிச் சான்றிதழ். கையில் உள்ள பி.சி., எம்.பி.சி. அட்டை மாநில அரசுப் பணிக்கானது. மத்தியப் பொதுத்துறைக்குத் தேவைப்படுவது மத்திய அரசுப் படிவத்தில், வருமான மேல்தட்டில் வராதவர் என்று குறிப்பிட்டு வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையம் வழியாகப் போய் வட்டாட்சியர் அலுவலகத்தில் முடியும். எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியிருக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருக்கும். பழைய சான்றிதழ் செல்லாது. மாநிலப் பட்டியலில் உள்ள எல்லா சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், உங்கள் சாதிப் பெயர் மத்திய ஓ.பி.சி. பட்டியலில் எந்த எழுத்துக்கோப்பில் இருக்கிறதோ அப்படியே சான்றிதழிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுச் சான்றிதழும் நிதியாண்டோடு கட்டப்பட்டது. சென்ற ஆண்டுச் சான்றிதழை நீட்டினால் ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவது, சி.ஜி.பி.ஏ.வைச் சதவீதமாக மாற்றிய கணக்கு. விண்ணப்பத்தில் நீங்களே பத்தால் பெருக்கிப் போட்டிருப்பீர்கள். பல்கலைக்கழகம் அதை ஒப்புக்கொள்கிறது என்பதற்கான கடிதமோ, மதிப்பெண் பட்டியலின் பின்புறம் அச்சிட்ட சூத்திரமோ வேண்டும். ஏற்கெனவே அரசுத் துறையிலோ பொதுத்துறையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று. இதை வாங்க வாரக்கணக்கில் ஆகும். அழைப்பு வரும்வரை காத்திருந்தால் தாமதம்.

இவற்றோடு பத்தாம் வகுப்புச் சான்றிதழ் (பிறந்த தேதிக்கு), எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்கள், பட்டம் அல்லது தற்காலிகப் பட்டச் சான்று, கேட் மதிப்பெண் அட்டை, கேட் அனுமதிச் சீட்டு, விண்ணப்பத்தின் அச்சு, அடையாள அட்டை, விண்ணப்பத்தில் ஒட்டிய அதே புகைப்படத்தின் நான்கு பிரதிகள். அசல் ஒரு கோப்பில், சுய கையொப்பமிட்ட நகல் இரண்டு தொகுதி இன்னொரு கோப்பில் என்று, அழைப்புக் கடிதத்தில் கேட்டிருக்கும் வரிசையிலேயே அடுக்குங்கள். பயணச் செலவு தருவதாகக் கடிதத்தில் இருந்தால் ரயில் டிக்கெட்டை எறிந்துவிடாதீர்கள். அங்கேயே படிவம் நிரப்பச் சொல்வார்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்

பேனலில் பெரும்பாலும் நாலைந்து பேர். உங்கள் துறையில் இருபது முப்பது ஆண்டு வேலை பார்த்த பொறியாளர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். மனிதவளத் துறையிலிருந்து ஒருவர், சில நேரம் வெளியிலிருந்து வரும் பேராசிரியர், ஒதுக்கீட்டுப் பிரிவின் பிரதிநிதி ஒருவர். 15 முதல் 30 நிமிடம். சீக்கிரம் அனுப்பிவிட்டார்களே என்று பதற வேண்டாம். ஒரு நாளைக்குப் பலரைப் பார்த்தாக வேண்டும் என்பதால் நேரம் கூடும், குறையும்.

பதில் ஆங்கிலத்தில். இந்தியில் சொல்ல விரும்புகிறவர்களுக்கும் பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. பேனலில் ஒருவர் தமிழ் பேசுகிறவர் என்று தெரிந்தாலும் நீங்களாகத் தமிழுக்கு மாறாதீர்கள், மற்ற உறுப்பினர்களும் மதிப்பெண் போடுகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். பேப்பர் கேட்டு வாங்கி, படம் வரைந்துகொண்டே விளக்குங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இந்த ஒரு பழக்கம் பெரிய கைத்தாங்கல். படத்தில் அம்புக்குறியும் எண்ணும் சரியாக இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

தொழில்நுட்பக் கேள்விகள் போகிற போக்கு

முதல் கேள்வி எளிதாக இருக்கும். "உங்களுக்குப் பிடித்த பாடம் எது?" இங்கே நீங்கள் சொல்லும் பெயர்தான் அடுத்த பத்து நிமிடத்தைத் தீர்மானிக்கும். "எல்லாமே பிடிக்கும்" என்றால் அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று பாடங்களை மட்டும் ஆழமாக உழுது வைத்துக்கொண்டு அவற்றின் பெயரைச் சொல்லுங்கள். அதில் ஒன்றாவது அனல்மின் நிலையத்தோடோ சுரங்கத்தோடோ தொடர்புடையதாக இருக்கட்டும்.

கேள்விகள் தனித்தனியாக வராது, சங்கிலியாக வரும். ஒரு மெக்கானிக்கல் சங்கிலி இப்படிப் போகும்:

அனல்மின் நிலையம் இயங்கும் ரேங்கின் சுழற்சியை வரையுங்கள். கன்டென்சரில் (நீராவியைக் குளிர்வித்துத் தண்ணீராக்கும் பகுதி) அழுத்தம் எவ்வளவு? சுமார் 0.1 பார். ஏன் வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே? வெப்பம் வெளியேறும் வெப்பநிலை குறைந்தால் டர்பைனில் கிடைக்கும் வேலை கூடும். அப்படியென்றால் இன்னும் கீழே, 0.03 பாருக்குக் கொண்டுபோகலாமே? பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே நிற்பார்கள். 0.1 பாரில் நீராவி குளிர்ந்து நீராவது சுமார் 46 டிகிரியில். 0.03 பாரில் சுமார் 24 டிகிரி. கடலூர் மாவட்டத்து வெயிலில் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்து வரும் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் இருக்கும்போது 24 டிகிரியில் நீராவியை எதை வைத்துக் குளிர்விப்பது? இதைச் சொன்னால் அடுத்தது: ஓடிக்கொண்டிருக்கும் அலகில் வெற்றிடம் குறைகிறது, என்ன பார்ப்பீர்கள்? காற்றுக் கசிவு, குழாய்களில் படிவு, குளிர்நீர் ஓட்டம் குறைந்தது, எஜக்டர் அல்லது வாக்குவம் பம்பில் கோளாறு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் எந்த அளவியைப் பார்த்துக் கண்டுபிடிப்பீர்கள் என்பது அதற்கும் அடுத்தது.

நான்காவது, ஐந்தாவது படிக்குப் போகும் கேள்வியில்தான் மதிப்பெண் பிரிகிறது. தயாரிப்பும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு தலைப்பை எடுத்து "ஏன்", "குறைந்தால் என்ன", "கெட்டுப்போனால் எப்படித் தெரியும்" என்று ஐந்து முறை உங்களையே கேட்டுத் தாளில் எழுதுங்கள். நண்பர் ஒருவரைக் கேட்க வைத்தால் இன்னும் நல்லது.

மின்னியல் துறையினருக்கு வழக்கமாக வரும் இடங்கள்: 2 துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு ஏன் நிமிடத்துக்கு 3,000 சுழற்சியில் ஓட வேண்டும் (120-ஐ 50-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 3,000), பெரிய ஜெனரேட்டரைக் குளிர்விக்க ஏன் ஹைட்ரஜன் (அடர்த்தி குறைவு, அதனால் சுழலும்போது உராய்வு இழப்பு குறைவு, வெப்பம் கடத்தும் திறன் காற்றைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு), அப்படியானால் வெடிக்காமல் எப்படிக் காப்பது (தூய்மையை உயர்வாக வைத்திருப்பது, காற்றை நேரடியாக ஹைட்ரஜனால் மாற்றாமல் இடையில் கார்பன் டை ஆக்சைடு செலுத்துவது). சி.டி.யின் (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டாம் சுற்றை ஏன் திறந்து வைக்கக் கூடாது என்பது கேட்கப்படாத ஆண்டு இல்லை என்றே சொல்லலாம். "வோல்டேஜ் கூடும்" என்று மட்டும் சொன்னால் பாதிப் பதில். இரண்டாம் சுற்றில் மின்னோட்டம் இல்லாவிட்டால் எதிர்க்கும் காந்த விசை இல்லாமல் போய், முதல் சுற்றின் மின்னோட்டம் முழுவதும் இரும்புக் கோர் பகுதியைக் காந்தமாக்கப் போகிறது, கோர் செறிவடைகிறது, முனைகளில் ஆபத்தான மின்னழுத்தம் எழுகிறது என்று காரணத்தோடு முடியுங்கள்.

இன்ஸ்ட்ரூமென்டேஷன் படித்தவர்களுக்கு, அளவியிலிருந்து வரும் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் சமிக்ஞை. ஏன் பூஜ்யத்தில் தொடங்கவில்லை? கம்பி அறுந்தால் 0 காட்டும், அளவு பூஜ்யமாக இருந்தால் 4 காட்டும், இரண்டையும் பிரித்தறியலாம். 12 மில்லி ஆம்பியர் என்றால் அளவு எத்தனை சதவீதம்? 50. இதில் தடுமாறுகிறவர்கள் இருக்கிறார்கள், பதற்றத்தில் 60 என்று வாயில் வந்துவிடும். அடுத்து பாய்லர் டிரம் நீர்மட்டக் கட்டுப்பாடு: மட்டம், நீராவி ஓட்டம், ஊட்டுநீர் ஓட்டம் என்ற மூன்று அளவுகளும் ஏன் வேண்டும்? நீராவித் தேவை திடீரென்று கூடும்போது டிரம்மில் அழுத்தம் குறைந்து குமிழிகள் விரிந்து மட்டம் ஏறுவதுபோலப் பொய்யாகக் காட்டும். மட்டத்தை மட்டும் நம்பினால் கட்டுப்பாடு தண்ணீரைக் குறைத்துவிடும், கூட்ட வேண்டிய நேரத்தில்.

வேதிப் பொறியியல் படித்து எண்ணெய் நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்குக் கச்சா எண்ணெய்ப் பிரிப்பே அடித்தளம். வளிமண்டலக் கோபுரத்தின் அடியில் தங்குவதை ஏன் மேலும் சூடாக்காமல் வெற்றிடக் கோபுரத்துக்கு அனுப்புகிறோம்? சுமார் 370 டிகிரிக்கு மேல் அது பிரியாமல் சிதையத் தொடங்கி, கரி படியும். பி.எஸ். 6 எரிபொருளில் கந்தகம் 10 பி.பி.எம்., முன்பிருந்த பி.எஸ். 4-இல் 50 பி.பி.எம்.; நாடு முழுவதும் மாறிய தேதி 2020 ஏப்ரல் 1. சென்னைக்காரர்களிடம் மணலி சுத்திகரிப்பு ஆலை எந்த நிறுவனத்துடையது என்று கேட்பார்கள்: இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான சென்னை பெட்ரோலியம்.

தெரியாத கேள்வி கட்டாயம் வரும். கதை கட்டாதீர்கள். எதிரே இருப்பவர் அந்த எந்திரத்தோடு ஆயுளில் பாதியைக் கழித்தவர். "இது தெரியாது சார், ஆனால் இதே வகை பம்பில் இப்படி நடக்கும் என்று தெரியும்" என்று தெரிந்த எல்லை வரை போய் நிறுத்துங்கள். அவர் ஒரு துப்புக் கொடுப்பார். அந்தத் துப்பைப் பிடித்து மேலே ஏறுகிறீர்களா என்பதைத்தான் பார்க்கிறார்.

இறுதியாண்டு புராஜெக்ட்

வாங்கி வந்த புராஜெக்ட் என்றால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். உங்கள் கை பட்ட பகுதி எது, என்ன அளந்தீர்கள், எதை வைத்து அளந்தீர்கள், வந்த எண் என்ன, எங்கே சொதப்பியது. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் போதும், தலைப்பு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நான்கு பேர் சேர்ந்து செய்ததை "நான் செய்தேன்" என்று சொல்லாதீர்கள்.

நெய்வேலியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

நிறுவனம் 1956-இல் தொடங்கியது, 2011-இல் நவரத்னா தகுதி பெற்றது, 2016-இல் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட் ஆனது. இதை இணையத்தில் யாரும் படித்துவிட்டு வருவார்கள். மதிப்பெண் கிடைப்பது எந்திரத்தையும் மண்ணையும் சேர்த்துச் சொல்லும்போது.

இங்கே மேல்மண்ணை அள்ளுவது பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர். தொடர்ந்து வெட்டி கன்வேயரில் போட்டுக்கொண்டே போகும், மண்ணை ஸ்பிரெடர் வெட்டி முடித்த பகுதியில் கொட்டும். கடலூர் மணற்பாறை கடினமானது, பற்களை அரைத்துவிடும். அதனால் சில அடுக்குகளை முதலில் வெடி வைத்துத் தளர்த்த வேண்டியிருக்கிறது. பழுப்பு நிலக்கரி (லிக்னைட்) படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை மேலே உடைத்துக்கொண்டு வரும். நெய்வேலியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். எந்தத் துறையினருக்கும் இதிலிருந்து கேள்வி வரலாம்: சுரங்கத்தாருக்கு நீர், மெக்கானிக்கலுக்கு பம்ப், மின்னியலுக்கு மின்சாரம் நின்றால் என்ன ஆகும்.

அலகுகளையும் மனதில் வையுங்கள். 2-ம் அனல்மின் நிலையம் 210 மெகாவாட்டில் 7 அலகு, மொத்தம் 1,470. 2-ம் நிலைய விரிவாக்கம் 250-இல் 2, அங்கே பாய்லர் சுழல் படுகை வகை. புதிய நெய்வேலி அனல்மின் நிலையம் 500-இல் 2. தூத்துக்குடியில் துணை நிறுவனமான என்.டி.பி.எல். 500-இல் 2, அது கருப்பு நிலக்கரி. ராஜஸ்தானில் பர்சிங்சர் 125-இல் 2. ஒடிசாவில் தலபிரா நிலக்கரிச் சுரங்கம். உத்தரப்பிரதேசத்தில் கட்டம்பூர் 660-இல் 3. கூடவே 1,000 மெகாவாட்டைத் தாண்டிய சூரிய மின்சாரம்.

எண்களைக் கணக்காக்கிப் பழகுங்கள். "500 மெகாவாட் அலகுக்கு மணிக்கு எத்தனை டன் லிக்னைட்?" என்று கேட்டால், ஊகங்களைச் சொல்லித் தொடங்குங்கள். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2,600 கிலோ கலோரி தேவை, லிக்னைட்டின் வெப்ப மதிப்பும் கிலோவுக்கு 2,600 என்று வைத்தால் யூனிட்டுக்கு 1 கிலோ. 500 மெகாவாட் என்றால் மணிக்கு 5 லட்சம் யூனிட், ஆக 500 டன். நாளுக்கு 12,000 டன். திறன் எவ்வளவு? ஒரு யூனிட்டுக்குச் சமமான 860 கிலோ கலோரியை 2,600-ஆல் வகுத்தால் 33 சதவீதம். இதே அலகை 4,000 கிலோ கலோரி நிலக்கரியில் ஓட்டினால் எரிபொருள் ஏன் குறையும், லிக்னைட் பாய்லர் ஏன் அதே மெகாவாட்டுக்குப் பெரிதாக இருக்கிறது என்று தொடரும். லிக்னைட்டில் ஏறக்குறைய பாதி ஈரப்பதம். அதை ஆவியாக்கவே வெப்பம் போகிறது, புகைவாயுவின் அளவும் கூடுகிறது.

பாதுகாப்பும் பணிச்சூழலும்

2020 மே, ஜூலை மாதங்களில் நெய்வேலி 2-ம் அனல்மின் நிலையத்தில் நடந்த பாய்லர் விபத்துகளில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ஆகவே பாதுகாப்புக் கேள்வியைச் சடங்கு என்று நினைத்துப் பதில் சொல்லாதீர்கள். "உயரத்தில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளி பெல்ட் மாட்டாமல் நிற்கிறார், வேலை அவசரம் என்று உங்கள் மேலதிகாரி சொல்கிறார். என்ன செய்வீர்கள்?" வேலையை நிறுத்துவேன், அவரைப் பத்திரமாக இறக்குவேன், பெல்ட் இல்லாத காரணத்தைக் கேட்பேன், மேலதிகாரியிடமும் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்வேன், பதிவு செய்வேன். இதே வரிசையில். "முதலில் மேலதிகாரியிடம் கேட்பேன்" என்பது தவறு, அதற்குள் அவர் விழுந்துவிடலாம். பணி அனுமதிச் சீட்டு என்றால் என்ன, பழுது பார்க்கும்முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு அட்டை மாட்டுவது ஏன், பூட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் (வேலை செய்கிறவரிடமே) என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

பணியிடம் பற்றிய கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள். "பர்சிங்சருக்கு அனுப்பினால்?" "மூன்று ஷிஃப்டும் பார்ப்பீர்களா?" பெண்களிடமும் இதே கேள்வி வரும், பதிலும் ஒன்றுதான். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வாருங்கள். அறைக்குள் யோசித்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஐ.ஏ.எஸ். எழுதுகிறீர்களா, மேல்படிப்பு உண்டா என்றால் விண்ணப்பத்திலும் சமூக ஊடகத்திலும் இருப்பதற்கு முரணாகச் சொல்லாதீர்கள். சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்ற பேரம் இங்கே இல்லை. ஊதிய விகிதம் அறிவிப்பிலேயே இருக்கும், என்.எல்.சி.யில் இந்தப் பணிக்கு 50,000 முதல் 1,60,000 வரை.

குழு விவாதம் உள்ள நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: முதலில் பேசுவதற்குத் தனி மதிப்பெண் இல்லை. மூன்று முறை, ஒவ்வொன்றும் அரை நிமிடம், ஒவ்வொன்றிலும் ஒரு உண்மைத் தகவல். பேசாமல் இருக்கும் ஒருவரை உள்ளே இழுத்துவிடுங்கள். குழுப் பணியில் குழு ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருப்பது நல்லது.

அந்த நாளும் பிறகும்

நெய்வேலியிலேயே நேர்காணல் என்றால் முந்தைய இரவே வந்து தங்குங்கள். பேருந்தில் வருகிறவர்கள் ஆர்ச் கேட்டில் இறங்கி உள்ளே போக வேண்டும். நகரியம் பெரியது, எல்லாச் சாலையும் வெளியூர்க்காரருக்கு ஒன்றுபோலத் தெரியும். வெளிர்நிறச் சட்டை, அடர்நிறப் பேன்ட், தோல் ஷூ. பெண்களுக்குச் சுடிதாரோ சேலையோ, நடக்க வசதியாக. டை கட்டாயமில்லை. உங்கள் முறை மதியத்துக்கு மேல் வரலாம், எனவே தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் பையில் இருக்கட்டும்.

தேர்வானால் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதிகம் பேர் அதிர்ந்துபோவது நிறப் பார்வைச் சோதனையில். புள்ளிப் படத்துக்குள் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். குறைபாடு இருந்தால் பல தொழில்நுட்பப் பிரிவுகளுக்குத் தகுதியில்லை. தனக்கு அது இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிகிறது. விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள், பார்வைத் திறன் வரம்பையும் அறிவிப்பின் மருத்துவப் பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரத்த அழுத்தம் கூடியிருந்தால் பெரும்பாலும் மறுபரிசோதனைக்கு நேரம் தருவார்கள். நிறப் பார்வைக்கு அப்படி இல்லை.